இனிப்பு நீரும் இளைப்பும்

ஒருவர் உடல் மெலிந்தால் அதைப் பற்றிப் பேச நம்மவரிடம் இரண்டு பாஷைகளே உள்ளன. மெலிந்தவர் முன்பு பருத்திருந்தவராயின், "உடம்பு குறைந்து இளமை வந்துவிட்டதே!" என்று பாராட்டுவது ஒன்று. முன்பே ஒல்லியானவராயின், "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று பெருமூச்சு விடுவது மற்றொன்று. மூன்றாவது பாஷை ஒன்றும் உண்டு. "எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது? ஏன் குறைந்தது?" என்று கேட்பதே அது. அந்தக் கேள்வி நம் இல்லங்களில் எழாமையால் விளையும் கேட்டை, எமது தாய்மாமனின் நோயை ஓராண்டுக் காலம் உடனிருந்து கவனித்தபோது யாம் கண்கூடாகக் கண்டோம். அதனை நேயர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதாகும் எனக் கருதியே இதனை எழுதலானோம்.

யாம் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து வருகிறோம். ஆங்கில வழியில் படித்தவர் என்ற காரணத்தால், ஆஸ்பத்திரிக் கடிதமாயினும் இரத்தப் பரிசோதனைத் தாளாயினும் தோட்டத்து மக்கள் எம்மிடமே கொண்டுவந்து நீட்டுவர். எம் மாமா இதே தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. பிள்ளைகள் வெளியூரில் வேலை செய்வதால், அத்தையும் அவரும் எமக்கு அடுத்த வீட்டில் வசிக்கின்றனர். நீரிழிவு அவருக்குப் பதினைந்து ஆண்டுத் துணை. இனிப்பு நீர் என்றே நம் தோட்டத்து மக்கள் அதனைச் சொல்வர். முதலில் மாத்திரை, பின்னர் இரண்டு ஆண்டுகளாக இன்சுலின் ஊசி.

74 கிலோ எடையுள்ள அம்மனிதர் ஏழு மாதத்தில் 61 கிலோ ஆனார். இடைவாரில் ஆணியால் மூன்று புதுத் துளைகள் விழுந்தன. இரவில் ஐந்து முறை எழுந்து போவார். தலைமாட்டில் வைத்த தண்ணீர்ப் போத்தல் விடியுமுன் காலியாகும். பழைய நண்பர்கள் பாராட்டினர். அத்தையோ கோயிலில் நேர்ந்துகொண்டு, கையில் கயிறு கட்டிவிட்டார். கைத்தொலைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி, இன்சுலினே தேவையில்லாமற் செய்யும் என்ற பொடி ஒன்று 300 வெள்ளிக்கு வாங்கப்பட்டது. பொடியை உண்ணத் தொடங்கிய மாமா ஊசியின் அளவைத் தாமே பாதியாக்கினார். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குறித்துக் கொடுத்த இரண்டு தவணைகளுக்கும் போகவில்லை. சோர்வு மிகுந்தபோது பட்டணத்திலுள்ள ஒரு தனியார் மருந்தகத்திற்குச் சென்றார். அங்கே மும்முறையும் மாத்திரையைக் கூட்டினார்களேயன்றி, ஒருமுறையேனும் அவரைத் தராசில் ஏற்றவில்லை. நேர்த்திக்கடனை யாம் இகழவில்லை. அது அத்தையின் மனத்திற்கு ஆறுதல். ஆயின் கயிறும் பொடியும் நமக்குத் தருவது நம்பிக்கை, எடுத்துக்கொள்வது காலம். இந்நோயில் காலத்தைவிட விலையுயர்ந்த பொருள் வேறில்லை.

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. 2019-ஆம் ஆண்டு மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100-க்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியரை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 15.6-ஆகக் குறைந்திருக்கிறது, மகிழ்ச்சியே. எனினும் நம் வீடுகளில் இந்நோய் இல்லாத வீடு எது என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருப்பதாலேயே அதன்மீது அச்சம் போய்விட்டது. அச்சம் போனதோடு கவனமும் போய்விட்டது.

சீனி மிகுந்தால் உடல் ஏன் மெலிய வேண்டும்? கணக்கெழுதும் தொழிலினர் ஆதலின், கணக்கு வழியாகவே இதனை விளங்கிக்கொண்டோம். உண்ட சோறு இரத்தத்தில் சீனியாகிறது. அதனைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் புகவிடும் திறவுகோல் இன்சுலின். திறவுகோல் போதாதபோது சீனி வாயிலிலேயே தேங்குகிறது. இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோல், பழைய கணக்கில் டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம், என்ற வரம்பைத் தாண்டினால், சிறுநீரகம் தாங்கமாட்டாமல் அதனைச் சிறுநீரில் கொட்டிவிடுகிறது. சீனி தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் தாகம். நாளொன்றுக்கு 100 கிராம் சீனி இவ்வாறு போகுமாயின் 400 கலோரி போயிற்று. ஏறக்குறைய இரண்டு கோப்பைச் சோற்றின் சக்தி. வரவு உள்ளே சேராமல் செலவு நடந்தால் முதலைத்தானே எடுத்துத் தின்ன வேண்டும்? உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கத் தொடங்குகிறது. பல்லாண்டு பழகிய நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் ஆற்றலே நாளடைவில் குன்றிவிடுகிறது. எனவே முன்பு போதிய மாத்திரை இப்போது போதாமற்போவது நோயாளியின் குற்றமன்று.

ஆயினும் குற்றமே முதலில் சாட்டப்பட்டது. "ஒளித்துத் தின்கிறார், தம்பி. இல்லாவிட்டால் இருபது எப்படி வரும்?" என்றார் அத்தை. பிள்ளைகள் தொலைபேசியில் அதட்டினர். பலகாரப் பெட்டிக்குப் பூட்டுப் போடப்பட்டது. யாம் அவரிடம் கேட்டது ஒன்றே: "மாமா, பதினைந்து நாள் எல்லாவற்றையும் எழுதி வைப்போமா?" தோட்டத்துச் செக்ரோலைப் போல் ஒரு கொப்பியில் கட்டங்கள் போட்டோம். தேதி, எடை, காலையிலும் உணவுக்கு முன்னும் பார்த்த சீனி அளவு, போட்ட ஊசி, உண்டது என்று வரிசையாக எழுதலானோம். யாரையும் பிடிப்பதற்கன்று, உள்ளதைத் தெரிந்துகொள்வதற்கு. வேலைக்கு வந்தவனையும் வராதவனையும் கோபமின்றிக் குறிப்பதே செக்ரோலின் இலக்கணம்.

பதினைந்து நாட்கணக்கு அத்தையின் குற்றச்சாட்டைத் தலைகீழாக்கிற்று. மாமா ஒளித்துத் தின்னவில்லை. ஒளித்துப் பட்டினி கிடந்தார். காலையில் அரைக் கோப்பைக் கஞ்சி. பகலில் இரண்டு கரண்டிச் சோறு. இரவில் வெறும் தேநீர். கருவியில் வரும் எண்ணுக்குப் பயந்து உணவைக் குறைத்தார். உணவு குறைந்ததால் ஊசியையும் குறைத்தார். ஊசி குறைந்ததால் எண் ஏறிற்று. ஒரு நாள் மாலை அவர் எம்மிடம் சொன்னதை மறக்க இயலவில்லை. "தம்பி, தின்றால் சீனி ஏறுகிறது, தின்னாவிட்டால் உடம்பு இறங்குகிறது. நான் எதைச் செய்வது?" முப்பது ஆண்டு நூறு பேரை வேலை வாங்கிய மனிதர், ஒரு கவளச் சோற்றுக்குக் குற்றவாளிபோல் நின்றார். நோயாளியைக் காவல் காப்பதே உதவி என்று எண்ணும் குடும்பங்கள் இவ்வொரு கேள்வியைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

கொப்பியோடு அவரைச் சுகாதார நிலையத்திற்கு மீண்டும் அழைத்துச் சென்றோம். பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. காத்திருப்பு அரை நாள். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் ஏ1சி சோதனையில் 12.6 விழுக்காடு வந்தது. பலருக்கும் 7-ஐ ஒட்டி இருக்க வேண்டியது அது. அங்கிருந்த தாதி ஒருவர், வேறெவரும் கேளாத ஒன்றைக் கேட்டார்: "ஐயா, எப்படி ஊசி போடுகிறீர்கள்? எனக்குப் போட்டுக் காட்டுங்கள்." சட்டையைத் தூக்கியபோது தொப்புளின் இருபுறமும் கோழி முட்டையளவு மெத்தென்ற தடிப்பு. வலி இல்லாத இடமென்று இரண்டு ஆண்டுகளாக அங்கேயே குத்தி வந்திருக்கிறார். அத்தகைய தடிப்பில் செலுத்தும் இன்சுலின் சரிவர இரத்தத்தில் கலப்பதில்லை; ஒரு நாள் கலக்கும், ஒரு நாள் கலக்காது. கலங்கலான இன்சுலினை மெதுவாக உருட்டியும் கவிழ்த்தும் கலக்காமலே போட்டிருக்கிறார். குத்தியவுடன் பத்து வரை எண்ணாமல் ஊசியை உருவியிருக்கிறார். அளவைப் பாதியாக்கியதால் ஒரே பேனா இரண்டு மாதத்திற்கு மேல் ஓடியிருக்கிறது. திறந்த பேனா பெரும்பாலும் நான்கு வாரத்திற்கே உரியது. மற்றவை குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி உறையும் தட்டில் கிடந்தன. உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. அதனை 2 முதல் 8 பாகை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும்.

மருந்தே பலிக்கவில்லை என்று எல்லாரும் பேசிய காலத்தில், மருந்து உடலுக்குள் போகவேயில்லை! இடத்தை மாற்றிக் குத்தச் சொன்ன டாக்டர், ஊசியின் அளவைச் சற்றுக் குறைத்தே கொடுத்தார். நல்ல இடத்தில் குத்தினால் மருந்து முழுவதும் கலந்து சீனி மிகவும் தாழ்ந்துவிடக்கூடும் என்பதே காரணம். அவ்வாறே ஒரு நாள் விடியற்காலையில் மாமா வியர்த்து நடுங்கினார். கருவி 3.4 காட்டியது. 4-க்குக் கீழே போனால் அபாயம். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், 5.2. சீனிக்குப் பயந்து பூட்டிய வீட்டில் சீனியே மருந்தாயிற்று. பலகாரப் பெட்டியின் பூட்டை அத்தை அன்றே எடுத்துவிட்டார்.

இரண்டு மாதத்தில் சீனி 8-க்கும் 11-க்கும் இடையே வந்தது. இரவில் ஒருமுறைதான் எழுந்தார். ஊசியும் உணவும் ஒழுங்காயின. வீட்டிலுள்ளோர் நிம்மதியடைந்தனர். ஆனால் கொப்பியில் ஒரு கட்டம் மட்டும் மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. எடை 61-லிருந்து 58.8 ஆயிற்று.

இவ்விடத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். சீனி ஏறியதால் மெலிந்தார் என்றால், சீனி இறங்கியபின் உடல் தேற வேண்டுமன்றோ? செலவை அடைத்தபின்னும் முதல் குறைந்துகொண்டே போனால், வேறெங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்றே பொருள். "வயதாகிறது, அப்படித்தான் இருக்கும்" என்றனர் உறவினர். கொப்பியைப் பார்த்த டாக்டர் அவ்வாறு சொல்லவில்லை. "இந்தக் கணக்குச் சரியாக இல்லையே" என்று சொல்லி, முதலிலிருந்து கேட்கலானார். பசி உண்டா? இரவில் வியர்க்கிறதா? மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா? இருமல் எத்தனை நாளாக? கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் உடல் மெலியும், சிலருக்கு நீரிழிவு மாத்திரையே பசியைக் கெடுக்கும், மனச்சோர்வும் மெலிவிக்கும், ஐம்பது வயதிற்கு மேல் சீனி திடீரெனக் கெட்டு எடையும் சரிந்தால் கணையத்தில் புற்று உண்டா என்றும் பார்க்க வேண்டும் என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட இரவு அடுத்த வீட்டில் விளக்கு அணையவில்லை. அத்தை சமையலறையில் உட்கார்ந்தபடியே இருந்தார். மாமா மட்டும், தோட்டத்து வீடு யார் பெயரில் இருக்கிறது, சேமநிதிக் கணக்கில் யார் பெயர் கொடுத்திருக்கிறது என்று எம்மிடம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நெஞ்சுப் படம் விடையைச் சொல்லிற்று. வலப்புற நுரையீரலின் மேற்பகுதியில் நிழல். சளியில் கிருமி. காசநோய், நம் முன்னோர் சயம் என்றும் இளைப்பு என்றும் அழைத்தது. சுருட்டுப் பழக்கத்தால் வந்தது என்று எல்லாரும் தள்ளிவைத்த இருமல் உண்மையில் அதுவே.

இவ்விரண்டு நோய்களுக்கும் உள்ள உறவு புதியதன்று. 1882-இல் ராபர்ட் காக் காசக் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். 1921-இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் நீரிழிவாளர் பலரைக் கொண்டுபோனது காசமே. நீரிழிவு உள்ளவருக்குக் காசம் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. சீனி கட்டுக்கடங்காதபோது உடலின் காவற்படை தளர்கிறது. காசம் வந்தபின் அதுவே சீனியை மேலும் ஏற்றுகிறது. ஒன்றுக்கொன்று கைகொடுத்து மனிதனைக் கீழே இழுக்கும் இவ்விரண்டையும் சேர்த்தே தேட வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வழிமுறை வகுத்திருக்கிறது. ஆயினும் இனிப்பு நீரால் இளைப்பது இயல்பு என்ற எண்ணம் அத்தேடலுக்குத் தடையாகிறது. தெரிந்த நோய் ஒன்று முன்னே நின்று, தெரியாத நோயை மறைத்துவிடுகிறது.

மாமாவைப் புற்று என்ற அச்சம் விட்டது, வெட்கம் பற்றிக்கொண்டது. "இனிப்பு நீர் என்றால் நாலு பேரிடம் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது?" என்றார். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஏனெனில், உடன் வசிப்போர் அனைவரையும் பரிசோதிக்கச் சுகாதார இலாகாவினர் வந்தனர். நான்கு வயதான எம் மகள் நாள்தோறும் அவர் மடியில் இருந்து கதை கேட்பவள். அவளுக்குச் சோதனை முடிவு வரும்வரை எம் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. நோய் இல்லை என்று தெரிந்தது. ஆயினும் சிறு குழந்தையாதலின் தடுப்பு மருந்து கொடுத்தனர். குழந்தையைத் தம்மிடம் விட வேண்டாமென்று முதலிற் சொன்னவர் மாமாவே. இரண்டு மூன்று வாரம் மருந்து சென்றபின், தொற்றும் தன்மை தணிந்துவிட்டது என்று டாக்டர் உறுதி சொன்ன பிறகே அவளை மீண்டும் அருகில் அழைத்தார்.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். பின் நான்கு மாதம் இரண்டு. ஒரு நாளும் விடாமல் இன்னொருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். முதலில் ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்திற்கு நாள்தோறும் போனார். பின்னர் அந்நிலையத்தாரின் ஒப்புதலோடு அப்பொறுப்பு எமக்கு வந்தது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகுமுன் அவர் வீட்டுத் திண்ணையில் நின்று, அவர் விழுங்குவதைப் பார்த்துக் கொப்பியில் குறிப்போம். வெறும் வயிற்றில் காச மருந்து. ஒரு மணி நேரம் கழித்து இன்சுலின், உடனே உணவு என்று நேரம் வகுத்தோம். மருந்துகள் பலவாயின் அவற்றின் சண்டைகளும் பல. ரிஃபாம்பிசின் என்னும் மருந்து சில நீரிழிவு மாத்திரைகளின் வலிமையைக் குறைத்துவிடும். ஆதலால் அம்மாத்திரையை நிறுத்தி இன்சுலினையே டாக்டர் மாற்றியமைத்தார். அம்மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகும். முன்பே சொல்லப்படாவிடின் இரத்தமென்று அஞ்சி மருந்தை நிறுத்துவோர் உண்டு. நரம்பு கெடாதிருக்க உயிர்ச்சத்து பி6 கொடுக்கப்பட்டது. கண்பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் சோதிக்கப்பட்டன.

உணவைப் பற்றியும் ஒரு சொல். மெலிந்துபோன நோயாளிக்குச் சோற்றை நிறுத்துவது மருத்துவமன்று, பட்டினி. உணவியல் அதிகாரி சோற்றுக்கு ஓர் அளவு சொன்னார். அதனுடன் முட்டை, மீன், பருப்பு, கீரை. அளவோடு உண்பதற்கு ஏற்ற இன்சுலின். இன்சுலினுக்கு ஏற்ற உணவு. தட்டில் சோறு விழுந்த முதல் நாள் மாமா அத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தை ஒன்றும் சொல்லாமல் குழம்பை ஊற்றினார்.

சிகிச்சை முடிந்த நாளில் எடை 66 கிலோ, ஏ1சி 7.6. பழைய 74 வரவில்லை. வர வேண்டுமென்று டாக்டரும் சொல்லவில்லை. கால் விரல்களில் மரமரப்பு இன்னும் இருக்கிறது. நீரிழிவு அவரை விட்டுப் போகப் போவதில்லை. ஆயினும் கட்டுப்பாடு வீணன்று. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியான பேராராய்ச்சியொன்றில், சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோரிடம் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்க் கேடுகள் 25 விழுக்காடு குறைந்திருந்தன.

நேயர்களே! நாம் செய்யத்தக்கது என்ன? நீரிழிவாளர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தராசும் ஒரு கொப்பியும் இருக்கட்டும். முயலாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டிற்குள் எடையில் 100-க்கு 5 பங்கு குறையுமானால், 70 கிலோ எடையுள்ளவருக்கு மூன்றரைக் கிலோ குறைந்தாலே, டாக்டரிடம் போங்கள். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மயக்கம் இவற்றுடன் சீனி உச்சத்தில் நின்றால் தவணையை எதிர்பாராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போடும் இடத்தை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். "சீனியினால்தான்" என்று ஒருவர் சொன்னால், சீனி இறங்கியபின் எடை ஏறிற்றா என்று திரும்பக் கேளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதிருங்கள். குற்றம் சாட்டப்பட்டவன் மறைப்பான்; மறைத்ததை எந்த வைத்தியரும் குணப்படுத்த இயலாது. அவர் அருகில் அமர்ந்து, உள்ளதை உள்ளபடி எழுதி, ஒத்துவராத கணக்கை ஒத்துவரும்வரை விடாது கேட்பதே உறவினர் செய்யக்கூடிய மெய்யான உதவி. அதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. அன்பும் பொறுமையும் ஒரு பென்சிலும் போதும்.